பார்வை காக்கும் நீர்

சென்னை கிண்டியை அடுத்த கத்திப்பாரா சந்திப்பில் அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, பூந்தமல்லி சாலை, உள்வட்டச் சாலை ஆகியவை கூடுகின்றன. 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலத்தின் வளைவுகளில் வாகனங்கள் இரவும் பகலும் ஓய்வின்றிச் செல்கின்றன. வாகனங்களின் முகப்புக் கண்ணாடியில் படியும் தூசி, முதல் தூறலுடன் கலந்து சேறாகிறது. அப்போது துடைப்பானை மட்டும் இயக்கினால் சேறு கண்ணாடி முழுவதும் பரவிப் பார்வையை மறைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து மூன்று விநாடிகளில் 50 மீட்டரைக் கடந்துவிடும். பார்வை மறைந்த நிலையில் அத்தொலைவைக் கடப்பது ஓட்டுநருக்கு மட்டுமன்றிச் சாலையைக் கடப்போருக்கும் ஆபத்தாகும்.

கண்ணாடித் துடைப்பானுக்கு அமெரிக்காவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உள்ளிருந்தபடியே நெம்புகோலைக் கையால் அசைத்து இயக்கும் கருவி அது. மழைநீரைத் துடைப்பான் நீக்கும். உலர்ந்த தூசியை நீக்க நீரும் வேண்டும். அந்நீரைத் தருவதே கண்ணாடி கழுவும் அமைப்பு.

அமைப்பும் இயக்கமும்

பானட்டின் அடியில் உள்ள நீர்த்தொட்டி, சிறிய மின்மோட்டாருடன் கூடிய பம்பு, ரப்பர்க் குழாய், தெளிப்பு முனைகள் ஆகியவை இதன் உறுப்புகள். ஓட்டுநர் விசையை இழுத்ததும் பம்பு நீரைக் குழாய்வழியே உந்துகிறது. நுண்துளை வழியாக நீர் கண்ணாடியின்மேல் பீய்ச்சியடிக்கிறது.

பழுதறியும் முறை

நீர் வரவில்லையெனில் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி ஆராய்தல் வேண்டும். முதலில் தொட்டியில் நீர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். நீர் இருப்பின், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, விசையை இழுத்து, பம்பின் ஒலியைச் செவிமடுக்க வேண்டும்.

ஒலி கேட்டும் நீர் வரவில்லையெனில் பெரும்பாலும் குறை நீர்வழியில் உள்ளது. எஞ்சின் வெப்பத்தால் இறுகிய குழாய் வெடித்திருக்கலாம், இணைப்பிலிருந்து கழன்றிருக்கலாம், தெளிப்பு முனை அடைபட்டிருக்கலாம். முனையின் அடைப்பை மெல்லிய ஊசியால் நீக்கலாம். ஒரு முனையில் மட்டும் நீர் வராவிடில், அம்முனையையும் அதற்குரிய குழாயையும் ஆராய்ந்தால் போதும்.

ஒலியே எழாவிடில் குறை பெரும்பாலும் மின்வழியில் உள்ளது. முதலில் ஃபியூசையும், அடுத்து கம்பி இணைப்பையும், இறுதியாகப் பம்பையும் சோதிக்க வேண்டும். எரிந்த ஃபியூசுக்கு மாற்றாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே பொருத்த வேண்டும். அதுவும் எரிந்தால் மின்கசிவோ மோட்டார்ப் பழுதோ இருக்கலாம்; வாகன மின்பணியாளரை நாடுவதே முறை.

பராமரிப்பு

குளிர்நாடுகளில் தொட்டிநீர் உறையாதிருக்க வேதிப்பொருள் சேர்க்கின்றனர். சென்னையில் அத்தேவை இல்லை. இங்குள்ள இடையூறுகள் தூசியும் உப்புநீருமே. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு, நீர் ஆவியானதும் முனையில் வெண்மையாகப் படிந்து துளையை அடைக்கும். எனவே, வடிகட்டிய நல்ல நீருடன் கண்ணாடி கழுவுவதற்கென விற்கப்படும் திரவத்தை உரிய அளவில் கலந்து ஊற்றலாம். துணி சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றினால் நுரை பெருகும். கரையாத துகள் குழாயை அடைக்கும். எஞ்சினுக்குரிய குளிர்விப்பு நீரை இத்தொட்டியில் ஊற்றவே கூடாது. தொட்டி வறண்டிருக்கும்போது விசையைத் தொடர்ந்து இழுத்தால் பம்பு தேய்ந்து பழுதாகும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே தொட்டியைக் கழுவி நிரப்பி, முனைகளைத் துப்புரவு செய்து, விறைத்துப்போன துடைப்பான் ரப்பரை மாற்றிவிட வேண்டும். சிறிது நேரமே பிடிக்கும் இப்பணி, ஓட்டுநரின் பார்வையையும் சாலையில் செல்வோரின் உயிரையும் காக்கும்.