டிஜிட்டல் திறன் இடைவெளி: கல்வியும் தொழில்துறையும் இணைந்த தமிழ்நாட்டு முயற்சிகள்

டிஜிட்டல் திறன் இடைவெளி என்பது, ஒரு வேலைக்குத் தேவைப்படும் கணினி, இணையம், மென்பொருள் சார்ந்த திறன்களுக்கும் அந்த வேலையைத் தேடி வருவோரிடம் உள்ள திறன்களுக்கும் இடையே காணப்படும் வேறுபாடு ஆகும். எண்ணிமத் திறன் இடைவெளி என்றும் இதனைக் குறிப்பிடுவர். பட்டம் பெற்ற இளைஞர் வேலை இல்லை என்கிறார். அதே மாவட்டத்தில் உள்ள நிறுவனம் தகுந்த ஆள் இல்லை என்கிறது. இருவர் கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதே இந்த இடைவெளியின் அடையாளம்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளும் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏராளமாக உள்ளன. சென்னை தரமணியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்கா தொடங்கி மென்பொருள் துறையும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாகன, மின்னணு ஆலைகளும் வளர்ந்துள்ளன. கற்பிக்கும் இடமும் வேலை தரும் இடமும் அருகருகே இருந்தும் இடைவெளி முழுமையாக மூடப்படவில்லை. எனவே, இந்தச் சிக்கலையும் அதற்கான முயற்சிகளையும் புரிந்துகொள்ளத் தமிழ்நாடு நல்ல எடுத்துக்காட்டாகும்.

டிஜிட்டல் திறனின் நிலைகள்

டிஜிட்டல் திறன் என்றவுடன் நிரல் எழுதுவது மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அடிப்படைத் திறன்: கோப்பைச் சேமித்தல், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புதல், இணையத்தில் தேடிக் கிடைத்த செய்தி நம்பத் தகுந்ததா எனச் சரிபார்த்தல், கடவுச்சொல்லைப் பாதுகாத்தல் போன்றவை.

2. பணிசார் திறன்: ஒரு தொழிலைச் செய்வதற்குத் தேவையான மென்பொருளையும் கருவியையும் கையாளுதல். கணக்கருக்கு விரிதாளும் கணக்கியல் மென்பொருளும், கடைசல் தொழிலாளிக்குக் கணினிவழி இயங்கும் சிஎன்சி எந்திரமும், ஆடை வடிவமைப்பாளருக்குக் கணினிவழி வடிவமைப்பும் இவ்வகையைச் சார்ந்தவை.

3. துறைசார் திறன்: மென்பொருள் உருவாக்கம், தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு போன்றவற்றில் பெறும் ஆழ்ந்த பயிற்சி.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட 'டிஜ்காம்ப்' என்னும் வரையறையின் இன்றைய வடிவம் தகவலைக் கையாளுதல், தொடர்புகொள்ளுதல், உள்ளடக்கம் உருவாக்குதல், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என ஐந்து பகுதிகளைக் கூறுகிறது. இவற்றுள் எதுவும் மென்பொருள் பொறியாளருக்கு மட்டும் உரியதன்று என்பது கவனிக்கத்தக்கது.

இடைவெளி எவ்வாறு உருவாகிறது?

முதற்காரணம் வேகத்தில் உள்ள வேறுபாடு. தொழிற்கூடத்தில் ஒரு கருவி சில மாதங்களில் மாறிவிடுகிறது; பாடத்திட்டம் மாறப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த டர்போ சி++ மென்பொருளைக் கொண்டே 2010-களிலும் ஆய்வக வகுப்பு நடத்திய கல்லூரிகள் இருந்தன. மாணவர் நிரல் எழுதக் கற்றார். ஆனால், நிறுவனங்களில் நிரல் எழுதப்படும் சூழலை அவர் கண்டதில்லை.

சில நேரங்களில் மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை பேரேட்டிலும் பட்டியலிலும் கணக்கு எழுதிய சிறுகடைக் கணக்கர்கள் பலர் இணையத்தில் வரி விவரம் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. வணிகவியல் பட்டம் அவர்களுக்குக் கணக்குப்பதிவின் கோட்பாட்டைத் தந்திருந்தது. இணையத் தாக்கலை அவர்கள் வேலையில் இருந்துகொண்டே கற்க நேர்ந்தது.

இரண்டாவது காரணம் வாய்ப்பின்மை. 2017-18-இல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடமும் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டினரிடமும் மட்டுமே கணினி இருந்தது. அதன்பின் திறன்பேசி பரவியது உண்மை. ஆயினும் திறன்பேசியில் காணொளி பார்க்கத் தெரிந்தவருக்கு விரிதாளில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தத் தெரியும் என்று கொள்ள முடியாது.

மூன்றாவது காரணம் மொழி. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர் கல்லூரியில் புதிய பாடத்தையும் ஆங்கிலத்தையும் ஒருசேரச் சுமக்கிறார். அவருக்கு ஏரணம் புரிவதில் குறை இல்லை. பிழைச்செய்தியின் ஆங்கிலம் புரியாமல் தயங்குகிறார். இத்தயக்கம் பல நேரங்களில் திறமைக் குறைவு எனத் தவறாகக் கருதப்படுகிறது.

நான்காவது காரணம் தேர்வு முறை. செய்முறை ஏட்டில் உள்ள நிரலை மனப்பாடம் செய்து எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும் எனில், தானே ஒன்றைச் செய்து பார்க்கும் பழக்கம் வளராது.

கருவி வழங்கலும் பாடநூல் மாற்றமும்

வாய்ப்பின்மையைக் குறைக்க அரசு எடுத்த பெரிய முயற்சி விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. வீட்டில் முதன்முதலாகக் கணினியைக் கண்ட குடும்பங்கள் பல. எனினும், கருவி கைக்கு வந்தபின் அதைக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டுதல் தேவைப்பட்டது. வழிகாட்டும் ஆசிரியர் இருந்த இடத்தில் மடிக்கணினி படிப்புக் கருவியாயிற்று. இல்லாத இடத்தில் திரைப்படம் பார்க்கும் கருவியாக நின்றுவிட்டது.

பாடநூலிலும் மாற்றம் வந்தது. 2018-இலும் 2019-இலும் வெளிவந்த புதிய மேல்நிலைப் பாடநூல்களில், கணினி அறிவியல் மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியையும் கற்கின்றனர். இந்நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பைத்தான் இன்று தொழில்துறையில் பரவலாகப் பயன்படும் மொழி என்பதால் இது பொருத்தமான மாற்றமே. ஆனால், பாடநூல் மாறினால் மட்டும் போதாது. அதைச் செய்துகாட்டக்கூடிய ஆசிரியரும், செய்துபார்க்க ஆய்வகமும், கற்றதைப் பயன்படுத்தும் பணியிடத் தொடர்பும் வேண்டும். இங்குதான் தொழில்துறையின் பங்கு தொடங்குகிறது.

ஒத்துழைப்பின் வடிவங்கள்

ஆசிரியர் பயிற்சி: தமிழ்நாடு ஐசிடி அகாடமி 2009-இல் அரசும் தொழில்துறையும் இணைந்து இலாப நோக்கமற்ற அமைப்பாகத் தொடங்கியது. கல்லூரி ஆசிரியர்களுக்கு நிறுவனங்களின் துணையுடன் புதிய தொழில்நுட்பங்களில் பயிற்சி அளிப்பது இதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. ஒரு மாணவருக்கு அளிக்கும் பயிற்சி அவரோடு முடிந்துவிடும். ஓர் ஆசிரியருக்கு அளிக்கும் பயிற்சி ஆண்டுதோறும் ஒரு வகுப்பையே சென்றடையும். செலவிடும் பணத்திற்கு மிகுந்த பயன் தரும் வடிவம் இதுவே எனலாம்.

பாடத்திட்டத்தில் இணைத்தல்: 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 10 இலட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளிப்பது இதன் இலக்கு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இதனைச் செயல்படுத்துகிறது. நிறுவனங்கள் வடிவமைக்கும் பாடங்கள் கல்லூரிப் படிப்புடன் இணைக்கப்பட்டு, 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகும் வழங்கப்படுகிறது என்பதே இதன் சிறப்பு. மாலை நேரத்தில் கட்டணம் கட்டித் தனியார் மையத்தில் படிக்க இயலாத மாணவருக்கும் அதே பாடம் வகுப்பறையிலேயே கிடைக்கிறது.

தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்துதல்: தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து, 'தொழில் 4.0' தரத்திற்கு உயர்த்தும் திட்டம் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் மேற்கொள்ளப்பட்டது. எந்திர மனிதக் கரங்கள், கணினிவழி எந்திரங்கள் போன்றவற்றில் பயிற்சி பெறும் வாய்ப்பு இதனால் உருவாகிறது. பத்தாம் வகுப்புடன் தொழிற்கல்விக்கு வரும் மாணவரையும் டிஜிட்டல் திறன் சென்றடைய வேண்டும் என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொள்கிறது.

தொழில்பழகுநர் பயிற்சி: தொழில்பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. தற்போதைய விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில்பழகுநர்களை அமர்த்த வேண்டும். தென்மாநிலங்களில் பட்டதாரி, பட்டயப் பயிற்சிகளைச் சென்னை தரமணியில் உள்ள தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் ஒருங்கிணைக்கிறது.

நிறுவனமே நடத்தும் பள்ளி: சோகோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. சென்னையுடன் தென்காசிப் பகுதியிலும் இப்பள்ளி இயங்குகிறது. பட்டம் இல்லாதவரும் நல்ல பயிற்சியால் மென்பொருள் உருவாக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆயினும் ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான சிலரையே இவ்வழியில் உருவாக்க முடியும்; பெரும்பாலானோருக்குப் பொதுக் கல்வியே வழி.

உயர்கல்வியைத் திறந்துவிடுதல்: சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் சேர ஜேஇஇ தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். வகுப்பு இணையத்தில், முக்கியத் தேர்வுகள் நேரடி மையங்களில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இடையிலேயே சான்றிதழோ பட்டயமோ பெற்று வெளியேறலாம் என்பதால் வேலை செய்துகொண்டே படிப்போருக்கும் இது பயன்படுகிறது.

ஒரு வெளிநாட்டு ஒப்பீடு

தமிழ்நாட்டு முயற்சிகளில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் தோன்றியவை. இத்தகைய ஒத்துழைப்பு நெடுங்காலமாகச் சட்ட வடிவில் நிலைத்துள்ள நாடு ஜெர்மனி. அங்கு 1969-ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தின்கீழ், பயிற்சி மாணவர் வாரத்தின் ஒரு பகுதியைத் தொழிற்பள்ளியிலும் மறுபகுதியை நிறுவனத்திலும் செலவிடுகிறார். நிறுவனம் அவருக்கு ஊதியம் தருகிறது.

1997-இல் தகவல் தொழில்நுட்பத்திற்கான புதிய பயிற்சித் தொழில்கள் இம்முறையில் சேர்க்கப்பட்டன. 2020-இல் அவை திருத்தப்பட்டு, தரவுப் பகுப்பாய்வு, எந்திர வலையமைப்பு ஆகிய புதிய பிரிவுகள் இடம்பெற்றன. பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதை அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகியோர் கூடி முடிவு செய்கின்றனர். எனவே, பயிற்சி முடித்தவரின் சான்றிதழ் ஒரு நிறுவனத்திற்கு மட்டுமன்றி நாடு முழுவதற்கும் செல்லுபடியாகிறது. தமிழ்நாடு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க முதன்மையான பாடம் இதுதான்.

கவனிக்க வேண்டிய குறைகள்

தொழில்துறை கல்விக்குள் வருவதில் நன்மையும் உண்டு, எச்சரிக்கையும் தேவை.

ஒரு நிறுவனம் தன் மென்பொருளை மட்டும் கற்பித்துவிட்டுச் சென்றால், அந்த மென்பொருள் வழக்கொழியும்போது மாணவரின் திறனும் வழக்கொழிகிறது. தரவுத்தளம் என்றால் என்ன, வலையமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்னும் அடிப்படை அறிவு பல ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே, அடிப்படையைக் கல்லூரியும் அதன் பயன்பாட்டை நிறுவனமும் கற்பிக்கும் பங்கீடே ஏற்றது.

சான்றிதழ்களின் எண்ணிக்கையை வெற்றியாகக் கொள்வது மற்றொரு குறை. எத்தனை பேர் பதிவு செய்தனர் என்பதைவிட, எத்தனை பேர் முடித்தனர், ஓராண்டு கழித்து எத்தனை பேர் தொடர்புடைய பணியில் உள்ளனர் என்பதே சரியான அளவுகோல்.

சிறு, குறு நிறுவனங்களின் நிலையையும் எண்ண வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பட்டறையோ திருப்பூர்ப் பின்னலாடை அலகோ பயிற்சிக்கென ஒருவரைத் தனியே ஒதுக்க இயலாது. அருகிலுள்ள பல நிறுவனங்கள் சேர்ந்து, ஒரு பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியைப் பொதுப் பயிற்சி மையமாகக் கொள்வது இதற்கு ஏற்ற வழி.

பணியிடப் பயிற்சி பெரும்பாலும் பெருநகரங்களிலேயே கிடைக்கிறது. சிற்றூர் மாணவருக்கு, குறிப்பாக மாணவியருக்கு, தங்குமிடமும் பயணச் செலவும் தடையாகின்றன. பயிற்சி இடத்தோடு பாதுகாப்பான விடுதியையும் உறுதிசெய்யாவிட்டால், வாய்ப்பு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பயிற்சியில் சேருமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிவது நல்லது.

1. இப்பயிற்சிக்குக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் மதிப்பலகு உண்டா?
2. கற்பிப்பவர் அத்துறையில் பணியாற்றிய பட்டறிவு உடையவரா?
3. பயிற்சியின் முடிவில் மாணவர் தாமே செய்த ஒரு செயல்திட்டம் கையில் இருக்குமா?
4. மதிப்பீடு செய்பவர் யார்? கற்பித்தவரே மதிப்பெண்ணும் இடுகிறாரா?
5. வேறு நிறுவனத்திற்குச் சென்றாலும் இத்திறன் பயன்படுமா?

இவற்றுள் மூன்றாவது கேள்விக்குரிய விடை மிக முக்கியமானது. நேர்காணலில் சான்றிதழைக் காட்டுவோர் பலர். தாம் செய்த ஒன்றை இயக்கிக் காட்டி, அதில் எங்கே தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று விளக்குவோர் சிலர். நிறுவனம் தேடுவது இந்தச் சிலரைத்தான்.

முடிவுரை

டிஜிட்டல் திறன் இடைவெளியைக் கருவி வழங்கியோ பாடநூலை மாற்றியோ மட்டும் மூட இயலாது என்பதைத் தமிழ்நாட்டின் பட்டறிவு காட்டுகிறது. பாடம் வகுப்பதிலும் ஆசிரியரை உருவாக்குவதிலும் பணியிடத்தைத் திறந்துவிடுவதிலும் தொழில்துறை பங்கேற்க வேண்டும். அப்பங்கேற்பு மாணவரை ஒரு நிறுவனத்தின் தேவைக்குள் அடைத்துவிடாதபடி காப்பது கல்வி நிலையங்களின் கடமை. நாளை வரும் கருவி எதுவென இன்று யாராலும் சொல்ல இயலாது. அதைத் தானே கற்றுக்கொள்ளும் துணிவைத் தமிழ்வழியில் படித்த முதல் தலைமுறை மாணவருக்கும் அளித்துவிட்டால், இவ்வொத்துழைப்பு தன் பணியைச் செய்துவிட்டது எனக் கொள்ளலாம்.