பிரேக்கு தரும் முன்னறிவிப்பு

நெய்த புடவைகளைக் கடைகளுக்குச் சேர்க்கவும், தோட்டத்துக் காய்கறிகளைப் பொழுது விடியுமுன் மண்டியில் இறக்கவும் நமது சங்கங்களுள் சில சொந்தத்தில் வண்டி வைத்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லும் வண்டிகள் கனத்த கன்டெய்னர் லாரிகளுக்கிடையே ஓட வேண்டியிருக்கின்றன. அங்கே பிரேக்கு தவறினால் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் வண்டிக் குறிப்பேட்டைப் புரட்டினோம். "பிரேக் மிதி இறங்குகிறது" என்று ஓட்டுநர் மூன்று நாட்கள் தொடர்ந்து எழுதியிருந்தார். கீழே எவருடைய கையொப்பமும் இல்லை. நான்காம் நாள் முன்னே சென்ற லாரி நின்றபோது பிரேக்கு பிடிக்கவில்லை. கியரைக் குறைத்துக் கைபிரேக்கையும் இழுத்து, வண்டியைச் சாலையோரச் சேற்றில் இறக்கி ஓட்டுநர் உயிர் தப்பினார்; நூல் கட்டுகள் நனைந்தன. பின்சக்கரத்துச் சிலிண்டரில் கசிவு. சிறு செலவில் தீர்ந்திருக்க வேண்டிய அப்பழுது, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்காகக் காத்திருந்தது!

பிரேக்கு பெரும்பாலும் சொல்லாமல் கெடுவதில்லை. கார், வேன் முதலியவற்றில், மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் குழாய்கள் வழியே சக்கரங்களுக்குக் கொண்டுபோகிறது. அங்கே பேட் டிஸ்கைக் கவ்வுகிறது. அல்லது ஷூ டிரம்மை உராய்கிறது. இதனை மனத்திற் கொண்டால் குறிகளின் பொருள் விளங்கும்.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். எஞ்சின் ஓடுகையில் மிதியை அழுத்தி அரை நிமிடம் வைத்திருந்து பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. அவ்வண்டியை ஓட்டலாகாது.

மிதி கல்போல் இறுகினால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி மிதியை நான்கைந்து முறை அழுத்தி, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குக. மிதி சிறிது தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது.

கீச்சென்ற ஒலி பேட் தேய்ந்ததன் அறிகுறியாகலாம்; கரகரவென்று அரைத்தால் இரும்பு இரும்பைத் தின்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர்களின் காற்றைச் சரிபாருங்கள். அது சமமாயிருந்தால் ஒரு சக்கரத்தில் பிரேக்கு சிக்கியிருக்கலாம், அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடேறித் தீய்ந்த வாசனை வீசினால், பிரேக்கு விடுபடாமல் பிடித்திருக்கிறது என்று கொள்க.

நம் கடலோரப் பகுதிக்கு முக்கியமானது ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 டிகிரி வரை இறங்கலாம். பாரத்தோடு அடிக்கடி பிரேக்கு போடுகையில் சூடேறி ஆயில் கொதித்தால், ஆவிக் குமிழிகள் காற்றைப் போலவே மிதியை அமுங்கச் செய்யும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுதல் நன்று. எஞ்சின் ஆயிலை ஒருபோதும் அதில் ஊற்றலாகாது. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். வெள்ள நீரைக் கடந்தபின் மெதுவாகச் செல்லும்போதே பலமுறை இலேசாகப் பிரேக்கை அழுத்தி ஈரத்தைப் போக்க வேண்டும்.

உறுப்புகளுக்காகத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1962-இல் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் நம் அண்டையிலுள்ள பாடியிலேயே பிரேக்கு உறுப்புகளைச் செய்துவருகிறது. தாமதம் பொருளின்மையால் அன்று, உத்தரவின்மையால்.

ஆகையால் சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். பிரேக்குப் பழுதுக்கு மட்டும் ஒரு தொகையைக் கூட்டத்திற்குக் காத்திராமல் செலவிடச் செயலாளருக்கு முன்கூட்டியே தீர்மானத்தால் அதிகாரம் அளித்தல் ஒன்று. குறிப்பேட்டில் ஓட்டுநர் பிரேக்கைப் பற்றி எழுதிய நாளிலேயே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுதல் மற்றொன்று. ஒரு நாள் சரக்கு தாமதமாகலாம். ஓட்டுநர் வீடு திரும்புவது தாமதமாகலாகாது.