அறுபதுக்கு மேல் ஆயுளைக் காக்க

வயலில் உழைக்கும் உடம்புக்கு வியாதி வராது என்பது கிராமத்தில் பலருடைய நம்பிக்கை. உழைப்பு ஆயுளுக்கு நல்லதுதான். ஆனால் ரத்தக் கொதிப்பு உழைப்பாளியையும் விடுவதில்லை. பெரும்பாலோருக்கு அது எந்த உபாதையும் காட்டாமல் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை இலவசமாகப் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். வீடு தேடிச் சென்று மாத்திரை வழங்கவே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. அழுத்தம் அடங்கியிருப்பதே மாத்திரையால்தான். அறுவடை நாட்களிலும் அதை விடக்கூடாது.

உப்புக் கணக்கு

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாட்களுக்காவது வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

பீடியை விட வயது தடையல்ல

பிரிட்டனில் 1951 முதல் 50 ஆண்டுகள் ஆண் மருத்துவர்களைக் கவனித்து, 2004ல் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்பே இறந்தார்கள். 50 வயதில் நிறுத்தியவர்களுக்கு 6 ஆண்டுகளும், 60 வயதில் நிறுத்தியவர்களுக்கு 3 ஆண்டுகளும் ஆயுள் கூடியது. பீடியும் சிகரெட்டுக்குக் குறைந்த கேடு அல்ல.

விழாமல் இருக்க

வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கையாகி, சளிக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஈர வரப்பில் நடக்கக் கைத்தடியும், இரவில் மோட்டார் போடச் செல்லும்போது டார்ச் விளக்கும் அவசியம். கண் புரையை உரிய காலத்தில் அறுவை செய்துகொள்வதும் விழாமல் காக்கும்.

சந்தைக்கோ உரக்கடைக்கோ டவுனுக்குப் போகும் நாளில், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் சென்று ரத்த அழுத்தம் பார்த்து வருவது நல்லது.