மனநோய் மருத்துவத்தில் குடும்பத்தாரின் பங்கு

பேராக் தோட்டப்புறங்களில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது ஒரு காலத்தில் வெறும் ஊர்ப்பெயராக வழங்கவில்லை. ஏசுவதற்கும் அச்சுறுத்துவதற்கும் உரிய சொல்லாகவே வழங்கிற்று. ஈப்போவுக்கு அண்மையில் 1911ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பெற்ற மனநோய் மருத்துவமனையே அதற்குக் காரணம். அது இன்று பஹாகியா மருத்துவமனை என்று பெயர் பெற்றுள்ளது. மகிழ்ச்சி என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். எனினும், நோயாளியை அங்கே சேர்த்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்னும் எண்ணம் தாப்பா போன்ற வட்டாரங்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

மருந்து நோயின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் தேறியவர் எத்தகைய வீட்டிற்குத் திரும்புகிறார்? லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் அவர்தம் துணைவர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. ஓயாது குறைகூறும் வீடுகளுக்கும், அளவுமீறிக் கவலையுற்றுத் தலையிடும் வீடுகளுக்கும் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளிடையே நோய் மீண்டும் தலைகாட்டுவது மிகுதியாக இருந்தது. குடும்பத்தார் கொடியவர்கள் என்பது இதன் பொருளன்று. மகன் பகலெல்லாம் படுத்துக் கிடந்தால் தாய் அவனைச் சோம்பேறி என்கிறாள். அச்சோர்வும் நோயின் ஒரு கூறு என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லையே!

இக்குறையைப் போக்கவே உளக்கல்விக் குழுக்கள் தோன்றின. சில குடும்பத்தார் ஒன்றாக அமர்வர், நோயாளிகளும் உடனிருப்பதுண்டு. நோயின் இயல்பு, மருந்தின் பயனும் பக்கவிளைவும், மீண்டும் நோய் வருவதற்கான முன்னறிகுறிகள் ஆகியவற்றை மருத்துவரோ தாதியரோ விளக்குவர். உறக்கம் கெடுதல், காரணமற்ற ஐயம், உணவை மறுத்தல் முதலியன அவ்வறிகுறிகளுட் சில. ஒவ்வொருவரிடமும் அவை வெவ்வேறு வகையில் தோன்றுவதால், உடன் வாழ்வோர் கூறுவதே சிகிச்சைத் திட்டத்திற்குப் பெருந்துணையாகும். எந்த அறிகுறி கண்டால் யாரை அணுகுவது, மாத்திரையை யார் நினைவூட்டுவது என்பன முன்கூட்டியே முடிவாகின்றன. பிற குடும்பங்களும் இதே துயரில் உழல்வதைக் காணும்போது வெட்கமும் தணிகிறது. நம் கருத்தில், இதுவே பாதி மருந்து.

நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமுமன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினர் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. 2001இல் 25 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, உறவினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டால் நோய் மீள்வது ஏறத்தாழ 20 விழுக்காடு குறையக்கூடும் என்று அறியப்பட்டது.

கோயிலில் நேர்ந்துகொள்வதை எவரும் தடுப்பதில்லை. விபூதி பெற்றபின் மாத்திரையை நிறுத்துவதே தீங்கு. உடல் தேறிவிட்டது போல் தோன்றும் நாளிலேதான் பலர் அதனை நிறுத்துகின்றனர். அடுத்த முறை நோயாளியுடன் மருத்துவமனைக்குச் செல்வோர் வெளியே காத்திராமல், அவர்தம் இசைவோடு உள்ளே சென்று, குடும்பத்தாருக்கான விளக்கக் கூட்டம் உண்டா என்று கேட்கலாம். மலாயில் சொல்வது விளங்காவிடில், தமிழறிந்த தாதி ஒருவரைத் துணைக்கு வேண்டுவதற்கும் தயங்க வேண்டியதில்லை.