தோட்டக்காரரின் கைக்கும் காலுக்கும்

ஆடிப்பட்டத்துக்கு மண் தயார்செய்த வாரத்தில் மாடித்தோட்டக்காரர்களைப் பார்த்தால் தெரியும். மண்கலவை மூட்டையை மாடிக்குத் தூக்கி, தேங்காய் நார்க்கழிவைப் பிசைந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே பை பையாக நிரப்பிய அன்றைக்கு ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில்கூடச் சமாளித்துவிடலாம். அதற்கடுத்த நாள்தான் படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பிறந்தநாளுக்கு இன்னொரு செடி வாங்கிக் கொடுக்காதீர்கள். அதற்கும் அவர்தான் குனிய வேண்டும். கைக்கும் காலுக்கும் இதமாக எதையாவது வீட்டிலேயே செய்து கொடுக்கலாம். செலவும் அதிகமில்லை. ஆனால் இந்தச் சரக்குகளில் ஒரு வேடிக்கை உண்டு. எது வேலை செய்வதாக நாம் நம்புகிறோமோ, பெரும்பாலும் அது வேலை செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொன்று செய்கிறது.

முதலில் அந்த மூன்றாம் நாள் வலி. தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னமும் சொல்கிறார்கள். வேலை முடிந்து ஓரிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தில் கலந்து செலவாகிவிடும், மறுநாள்வரை காத்திருப்பதில்லை. சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது, அதாவது மூட்டையை மெல்ல இறக்கும்போதும் படியில் இறங்கும்போதும், தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யும் அழற்சிதான் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் வலிக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் 11 இளைஞர்களைக் களைக்கக் களைக்க சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் தேய்த்துவிட்டு, இரு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட் அளவில் வித்தியாசமில்லை. தேய்த்த காலில் அழற்சியைத் தூண்டும் சைகைகள் மட்டும் குறைந்திருந்தன.

அடுத்து, வெந்நீரில் பேதி உப்பைப் போட்டுக் காலை வைப்பது. எப்சம் உப்பு என்றால் இணையக் கடைகளில் விலை ஏறிவிடுகிறது. நாட்டுமருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேளுங்கள், இரண்டும் மெக்னீசியம் சல்ஃபேட்தான். இங்கிலாந்தின் எப்சம் ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் கசப்பு நீர் ஊற்றிலிருந்து பிரபலமான சரக்கு இது. மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய்த் தசையைத் தளர்த்தும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. பலன் தருவது வெந்நீர். பாதத்து ரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் உள்வெப்பம் அந்த வழியாக வெளியேறுகிறது. உடல் குளிரத் தொடங்கினால் தூக்கம் வரும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர், படுப்பதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீரில் குளித்தவர்களுக்குச் சராசரியாக 10 நிமிடம் முன்னதாகவே தூக்கம் வந்தது என்று 2019-இல் எழுதினார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மட்டும் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். மரத்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது. உப்பு வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம்தான். அது குறைந்து இலை நரம்புகளுக்கிடையே மஞ்சளடித்த செடிக்கு, பொட்டலத்தில் மிச்சமிருப்பதைக் கரைத்துத் தெளிக்கலாம்.

கைக்களிம்புதான் எனக்குப் பிடித்தது. தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்கள் செங்கல்லாகவும், அவற்றிடையே செராமைடு, கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால் ஆகியவை சாந்தாகவும் இருக்கின்றன. காய்ந்த மண்ணும் நார்க்கழிவும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. பிறகு காரத்தன்மையுள்ள சோப்பைப் போட்டுத் தேய்த்தால் சாந்தும் கரைகிறது. விரலில் கீறல், குதிகாலில் பித்தவெடிப்பு எல்லாம் இப்படித்தான். வெறும் தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம்மூர் வெயிலில் பூசினால் வழியும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே எண்ணெய் 80 கிராமுக்கு மெழுகு 20 கிராம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். நேரடித் தீ ஆகாது. ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவிடுங்கள். கட்டியாக இருந்தால் எண்ணெய், தளர்ந்தால் மெழுகு. இந்தக் களிம்பு தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகவே கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். கிரேக்க மருத்துவர் கேலன் இதில் பன்னீரும் சேர்த்தார் என்பார்கள். நாம் சேர்க்க வேண்டாம், சோற்றுக்கற்றாழையும் வேண்டாம். தண்ணீர் இல்லாதவரை கிருமி வளராது. ஒரு கரண்டி சேர்ந்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

வலித் தைலத்துக்கு வருவோம். புதினா உப்பு (மெந்தால்), ஓம உப்பு (தைமால்), பச்சைக் கற்பூரம் மூன்றும் தனித்தனியே திடப்பொருள். சம அளவு எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்குங்கள். அடுப்பே இல்லாமல் நீராகிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேதியியல் வித்தை வீட்டில் கிடையாது. தனியாக உருகக் கற்பூரத்துக்கு 175 டிகிரி வேண்டும். ஆனால் மெந்தாலும் தைமாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் அதைப் பற்றிக்கொள்ள, எந்தப் படிகமும் தன் வரிசையைக் காப்பாற்ற முடியாமல் சரிகிறது. மெந்தால் தோலைக் குளிர்விப்பதும் இல்லை. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் திறந்துவிட்டு, நரம்பைக் குளிர் என்று நம்பவைக்கிறது. அந்தச் சலசலப்பில் வலிச் செய்தி மங்குகிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாடியில் வளர்த்த புதினாவையே எண்ணெயில் ஊறப்போடலாமே என்று தோட்டக்காரர் கேட்பார். துவையல் புதினாவில் பெரும்பாலும் இருப்பது கார்வோன். வாசம் வரும், குளுமை வராது.

உருகிய சாற்றில் 5 மில்லியை 100 மில்லி நல்லெண்ணெயில் கலந்தால் போதும், அப்படியே பூசினால் எரியும். பூஜைக் கற்பூரம் கூடாது. பச்சைக் கற்பூரமானாலும் அதை விழுங்கிய சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். எனவே பரிசுச் சீட்டில் வாழ்த்துக்குக் கீழே ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதி, மேல் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். பூசிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால், அன்று சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை உங்களுடையது.