கிரிப்டோ நாணயமும் ஊராட்சியின் எல்லையும்

பூமியைத் தோண்டாமல் ஒரு சுரங்கத் தொழில் நடத்த முடியுமா? முடியும் என்கிறது இன்றைய கணிப்பொறி உலகம். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை உண்டாக்கும் வேலைக்கு 'மைனிங்', அதாவது அகழ்வு, என்றே பெயர். இதற்கு மண்வெட்டி வேண்டாம், வெடிமருந்தும் வேண்டாம். ஒரு கொட்டகை, மின் இணைப்பு, இணையத் தொடர்பு, சில இயந்திரங்கள் இருந்தால் போதும். ஆகவே இதை ஐஸ்லாந்திலும் நடத்தலாம், அருப்புக்கோட்டையிலும் நடத்தலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் விளைச்சல் உண்டு. பெருகாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பலருக்குப் பிழைப்பு. நகரில் தறிகள் ஓடுகின்றன. இப்பகுதிக் கிராமம் ஒன்றில் ஒருவர் பழைய தறிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, 100 அகழ்வு இயந்திரங்களை வைக்கிறார் என்று கற்பனை செய்வோம். 'இந்த நாணயமே எங்கள் ஊருக்கு வேண்டாம்' என்று கிராம சபை தீர்மானம் போட்டால் அது செல்லுமா? இக்கேள்விக்கு விடை காண முதலில் இயற்பியலையும் பிறகு சட்டத்தையும் பார்ப்போம்.

அகழ்வு என்பது என்ன?

பிட்காயின் 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு வங்கி இல்லை; கணக்குப்பிள்ளையும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பேரேட்டின் நகல் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. அந்தப் பேரேட்டில் புதிய பக்கத்தை எழுதுவது யார்? அதற்கு ஒரு போட்டி நடக்கிறது. வென்றவர் பக்கத்தை எழுதிப் பரிசாகப் புதிய நாணயங்களைப் பெறுகிறார். இப்போட்டியே அகழ்வு.

போட்டி எத்தகையது? பத்துப் பகடைக் காய்களை ஒன்றாக உருட்டுவதாகக் கொள்ளுங்கள். பத்திலும் ஆறு விழ வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது, உருட்டிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். சராசரியாக 6 கோடி தடவைக்கு மேல் உருட்டினால்தான் ஒரு முறை அப்படி விழும். ஆனால் விழுந்துவிட்டதா என்று சரிபார்க்க ஒரு பார்வை போதும். கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது எளிது. இதுவே அகழ்வின் அடிப்படை.

பகடைக்குப் பதிலாக அங்கே ஒரு கணக்கு முறை உண்டு. எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் அதற்குக் கைரேகை போன்ற நீண்ட எண் ஒன்றை அது தரும். செய்தியோடு வேறொரு எண்ணைச் சேர்த்து, அதை மாற்றி மாற்றிக் கொடுத்து, குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே ஒரு கைரேகை விழும்வரை முயல வேண்டும். 2020-ஆம் ஆண்டுவாக்கில் சந்தைக்கு வந்த ஒருவகை இயந்திரம் வினாடிக்கு 110 லட்சம் கோடி முறை இவ்வாறு முயல்கிறது. அதற்கு வேண்டிய மின்திறன் 3,250 வாட்.

இயந்திரங்கள் பெருகினால் நாணயமும் பெருகுமா? பெருகாது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்பது விதி. போட்டியாளர்கள் கூடினால் போட்டி கடினமாக்கப்படும். 2,016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இந்தத் திருத்தம் நடக்கும். பரிசும் காலப்போக்கில் பாதி பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலில் அது பக்கத்துக்கு 3.125 பிட்காயின் ஆயிற்று. ஆகவே ஒருவர் பத்து இயந்திரம் வைத்தால் அடுத்தவர் இருபது வைக்கிறார். நாணயம் கூடவில்லை, மின்செலவுதான் கூடுகிறது.

எல்லாக் கிரிப்டோ நாணயமும் இப்படியல்ல. எத்தீரியம் என்னும் நாணயம் 2022 செப்டம்பரில் இப்போட்டியைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

மின்சாரம் எங்கே போகிறது?

இனி நம் கொட்டகைக்கு வருவோம். ஓர் இயந்திரம் 3.25 கிலோவாட். இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 78 யூனிட். இரண்டு மாதத்துக்கு 4,680 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த 100 யூனிட்டை அந்த ஒற்றை இயந்திரம் 31 மணி நேரத்தில் தீர்த்துவிடும். விசைத்தறிக்கு 2023-இல் உயர்த்தப்பட்ட இலவச அளவு 1,000 யூனிட். அதுவும் 13 நாளுக்குத் தாங்காது.

கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த மின்சாரம் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. தறிக்குக் கொடுத்தது நூலைத் துணியாக்குகிறது. அகழ்வு இயந்திரத்துக்குக் கொடுத்தது என்ன ஆகிறது? வெளியே செல்லும் விடை சில இலக்கங்கள் மட்டுமே. அவை ஆற்றலை எடுத்துச் செல்வதில்லை. ஆற்றல் அழியாது என்ற விதிப்படி, உள்ளே சென்ற மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகக் கொட்டகையிலேயே வெளிப்படுகிறது. 100 இயந்திரம் என்றால் 325 கிலோவாட். 1 கிலோவாட் மின் அடுப்பு 325-ஐ ஒரே கூரையின் கீழ் அணைக்காமல் வைப்பதற்குச் சமம் இது.

இந்த வெப்பத்தை வெளியேற்ற இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, விசிறி. இவ்வியந்திரங்கள் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் வரையிலான காற்றில் வேலை செய்ய அமைக்கப்பட்டவை. நம் பகுதியின் கோடை வெயிலோ அந்த எல்லையைத் தொட்டு நிற்பது. ஆகவே விசிறிகள் முழு வேகத்தில் சுழல வேண்டும், ஓசையும் கூடும். ஓர் இயந்திரத்தின் ஓசை 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல் என்று கொள்வோம். டெசிபெல் மடக்கை அளவு. ஒலிமூலங்கள் பத்து மடங்கானால் 10 கூடும், நூறு மடங்கானால் 20 கூடும். எனவே 100 இயந்திரங்களுக்கு 95 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபெல் குறையும். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதிக்கப்பட்ட அளவு 45. இந்த அளவுக்குக் குறைய ஏறத்தாழ 300 மீட்டர் விலகல் வேண்டும். சுவர்கள் இதைக் குறைக்கலாம்; காற்றின் திசை மாற்றலாம். ஆயினும் இது தெருவுக்குள் வைக்கத்தக்க தொழில் அன்று என்பது இத்தோராயக் கணக்கிலேயே தெரிகிறது.

இரண்டாவது வழி தண்ணீர். ஈரத்தட்டிகளின் வழியே காற்றைச் செலுத்தினால் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானை நீர் குளிர்வது இப்படித்தான். 1 லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். ஓர் இயந்திரத்தின் ஒருநாள் வெப்பம் 28 கோடி ஜூல். அதை முழுவதும் ஆவியாதல் மூலமே போக்கினால் நாளுக்குச் சுமார் 117 லிட்டர் நீர் செலவாகும். 100 இயந்திரத்துக்கு 11,700 லிட்டர். கிராமக் குடிநீர்த் திட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. ஆக, ஏறத்தாழ 210 பேருக்குரிய தண்ணீர் ஆவியாகப் போய்விடும். ஓசையைக் குறைத்தால் தண்ணீர் போகிறது. தண்ணீரைக் காத்தால் ஓசை கூடுகிறது.

யாருக்கு எந்த அதிகாரம்?

நமது அரசியல் சட்டம் அதிகாரங்களைப் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறது. நாணயமும் ரிசர்வ் வங்கியும் மத்தியப் பட்டியலில் உள்ளன. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. தண்ணீரும் பொதுச் சுகாதாரமும் உள்ளாட்சி அமைப்பும் மாநிலப் பட்டியலில் அடங்கும். 73-ஆவது திருத்தத்துக்குப் பின் ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 பொருள்கள் 11-ஆவது அட்டவணையில் குறிக்கப்பட்டன. சிறுதொழில், குடிநீர், சுகாதாரம் ஆகியவை அதில் உண்டு. நாணயம் இல்லை. நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணையிலும் இல்லை.

ஆகவே 'எங்கள் ஊரில் யாரும் கிரிப்டோ வைத்திருக்கக் கூடாது' என்று ஊராட்சி தடுக்க முடியாது. அதுபோலவே, 'வீட்டு வரியைப் பிட்காயினில் கட்டலாம்' என்று நகராட்சி சலுகை தரவும் முடியாது. அது இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அன்று.

மத்திய அமைப்புகளுக்கே இதில் எல்லை உண்டு. கிரிப்டோ வணிகத்தோடு வங்கிகள் தொடர்பு கொள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6-ஆம் நாள் சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தனது கண்காணிப்பிலுள்ள நிறுவனங்களுக்கு என்ன சேதம் ஏற்பட்டது என்று அது காட்டவில்லை; எனவே கட்டுப்பாடு அளவுக்கு மிஞ்சியது என்பது தீர்ப்பின் சாரம். 2022-இல் கிரிப்டோ இலாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. அகழ்வுக்கான கட்டமைப்புச் செலவை அதில் கழிக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் அரசு விளக்கியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயத்தைச் சொத்து என்றே கொண்டது. வரிக்கு உட்பட்டதும் சொத்தாகக் கருதப்படுவதுமான ஒன்றை ஊர்த் தீர்மானத்தால் ஒழித்துவிட இயலாது.

மின் கட்டணத்திலும் ஊராட்சிக்கு இடமில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி, முறையாகக் கேட்பவருக்கு இணைப்புத் தருவது மின்வாரியத்தின் கடமை. ஆனால் தறிக்கென்றோ கிணற்றுக்கென்றோ பெற்ற இணைப்பில் அகழ்வு நடத்தினால், அதே சட்டத்தின்படி உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு கட்ட நேரும். பிடிப்பது மின்வாரிய அதிகாரியின் வேலை. தகவல் தர ஊரில் யாராலும் முடியும்.

பிற ஊர்கள் கற்ற பாடம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிளாட்ஸ்பர்க் என்னும் சிறு நகரில் நீர்மின்சாரம் மலிவு. அகழ்வுக்காரர்கள் அங்கே குவிந்தனர். 2017-18 குளிர்காலத்தில் மலிவு மின்சார ஒதுக்கீடு தீர்ந்து, விலை கூடிய மின்சாரம் வாங்க நேர்ந்தது. வீடுகளின் மின் கட்டணம் உயர்ந்தது. 2018 மார்ச்சில் நகர மன்றம் புதிய அகழ்வுக் கூடங்களை 18 மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. வெப்பம், ஓசை, தீப்பாதுகாப்பு ஆகியவை பற்றி விதிகள் எழுதிக்கொண்டு 2019-இல் தடையை விலக்கியது. அகழ்வுக்காரர்களிடம் கூடுதல் மின்கட்டணம் வாங்க அனுமதித்தது நகரமன்றம் அன்று, மாநில ஆணையம்.

ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் நேர்மாறாக நடந்தது. 2023-இல் இயற்றப்பட்ட சட்டம், அகழ்வுக் கூடங்களை மட்டும் குறிவைத்து உள்ளாட்சிகள் விதி செய்வதைத் தடுத்தது. ஓசையைப் பற்றிய புகார்கள் வலுத்தன. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தில் பிளாச்சிமடை குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கப் பெருமாட்டி ஊராட்சி 2003-இல் மறுத்தது. காரணம் நிலத்தடி நீர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005-இல் அங்கு தீர்ப்பு ஆலைக்குச் சாதகமாயிற்று. அதாவது உரிமம் தரும் கை ஊராட்சியினுடையதாயினும், அந்தக் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதை நீதிமன்றமே முடிவு செய்கிறது. எனினும் 2004 மார்ச்சில் நின்ற அந்த ஆலை பின்னர் நிலையாக இயங்கவேயில்லை.

தீர்மானத்தில் என்ன எழுதுவது?

நம் கற்பனைக் கொட்டகையின் பிரச்சினைக்கு விடை இப்போது தெளிவாகும். அகழ்வினால் கிடைக்கும் நாணயம் இணையத்தின் வழியே கணநேரத்தில் ஊரை விட்டுப் போய்விடுகிறது. அதன்மேல் ஊராட்சிக்கு அதிகாரமில்லை. வெப்பமும் ஓசையும் தண்ணீர்ச் செலவும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. இயந்திரம் நிறுவ அனுமதி, கட்டட அனுமதி, ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் ஆகியவை பற்றி ஊராட்சி கேள்வி கேட்கலாம், நிபந்தனை விதிக்கலாம். ஓசை விதிகளை மீறினால் நடவடிக்கை எடுப்பவர் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும்; அவர்களுக்கு எழுதலாம்.

ஆகவே 'கிரிப்டோ வேண்டாம்' என்ற தீர்மானம் பயனற்றது. 'மின்பளு எத்தனை கிலோவாட்? எந்தக் கட்டண வகையில் இணைப்பு? நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எங்கிருந்து? மிக அருகிலுள்ள வீட்டு வாசலில் இரவு 10 மணிக்கு எத்தனை டெசிபெல்? தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு?' என்று கேட்கும் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. கிரிப்டோவைப் பற்றிய அச்சத்தை நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். அளந்து எழுதிய எண்ணை அவ்வாறு எளிதில் தள்ளிவிட முடியாது.

இவ்வளவுகளை எடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு வெப்பமானி, ஓர் ஒலிமானி, ஒரு நீர்மானி, இவற்றோடு மின்மீட்டரைப் படிக்கத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். மேலே கண்ட கணக்குகள் அனைத்தும் பள்ளிப் பாடத்தில் உள்ள பெருக்கலும் வகுத்தலுமே. அகழ்வுக் கூடம் மட்டுமன்று, நாளை எந்தப் புதிய தொழில் ஊருக்குள் வந்தாலும் இக்கேள்விகளைக் கேட்டு, இக்கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.