பொறி பறக்கும் இடைவெளி

நாமக்கல் என்றவுடன் லாரிதான் நினைவுக்கு வரும். டீஸல் லாரிக்கு ஸ்பார்க் பிளக் ஏது? காற்றை அழுத்திய சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் மோட்டார்க்காரருக்குத்தான் இந்தக் கவலை.

1957இல் பிறந்த அம்பாஸடரின் பழைய பெட்ரோல் யந்திரத்துக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஓட ஓட முனை தேய்ந்து இது அகன்றுவிடும். சேலத்துச் சமவெளியில் குற்றம் தெரியாது. ஏற்காட்டின் 20 கொண்டையூசி வளைவுகளில் பிள்ளைகுட்டிகளோடு ஏறும்போதுதான் வண்டி விக்கும். பாரம் கூடி, உள்ளே அழுத்தம் மிகுந்ததும் பொறி தாண்ட மறுக்கிறது. பாவம், கார்புரேட்டர் திட்டு வாங்கும்! இடைவெளி சிறுத்தாலோ, பொறி சோனியாகி, நின்ற இடத்திலேயே யந்திரம் இருமும்.

யந்திரம் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிச் செல்லவேண்டும். வெளிமுனையை மட்டுமே வளைக்கலாம். நடுமுனையை நெம்பினால் பீங்கான் கீறிவிடும். அப்புறம் புதுப் பிளக்தான்.